பத்தொன்பது

வரைபடத்தில் பதினெட்டுப் புள்ளி.
தொண்ணூற்று நான்கின் குளிர்காலத்தில்
கை விறைத்த யாரோ பென்சிலில் வைத்தது.
நாங்கள் தோண்டி எடுத்ததும் பதினெட்டு.
கணக்கு நேர்.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
என் பெயர் மட்டும் பாக்கி:
சார்ஜென்ட் நெர்மா கராபெக்,
கண்ணிவெடி அகற்றும் பிரிவு.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வருகிறார்.
ரிப்பன் வந்துவிட்டது, நாற்காலிகள் வந்துவிட்டன,
போஸ்னா ஆற்றங்கரையில் ஒரு கூடாரம்கூட.
நிலத்துக்காரி யாகோதா தன் பசுவுக்குப்
புதுக் கயிறு வாங்கிவிட்டாள்.
இருபத்தெட்டு வருஷம் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று
தன் பிளம் மரங்கள் பழுத்து உதிர்வதைப்
பார்த்துக்கொண்டிருந்தவள்.

புதன் இரவு மிலென்கோ வந்தான்.
ஒரே சிகரெட்டை மூன்று முறை பற்றவைத்தான்.
"அந்தப் பென்சில் என் சித்தப்பாவுடையது.
குடித்தால் எப்போதும் பத்தொன்பது என்பார்.
குடிக்காதபோது எதுவும் சொல்லமாட்டார்."

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.
அந்தக் குளிர்காலத்தில் எதிர்க்கரையில்
என் அப்பா இதே மாதிரி ஒரு பென்சிலோடு இருந்தார்.
இப்போது இருவர் தோளிலும் ஒரே கொடி.
சிலதைக் கேட்காமல் இருப்பதால்தான்
ஒரே மேசையில் சூப் குடிக்க முடிகிறது.

கேப்டன் நல்லவர். அதை முதலில் சொல்லிவிடவேண்டும்.
போன மார்ச்சில் என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றபோது
தன் காரிலேயே அனுப்பிவைத்தவர்.
"செத்துப்போன குடிகாரன் சொன்ன எண் ஆவணம் ஆகாது" என்றார்.
"இருந்திருந்தாலும் வெள்ளம் அடித்துப் போயிருக்கும்" என்றார்.
"விதிப்படி நீ எல்லாம் செய்துவிட்டாய்" என்றார்.
மூன்றும் சரி.
மூன்று சரிகளைக் கூட்டினால்
ஏன் ஒரு பசுவின் கால் வருகிறது?

சட்டைப்பையில் ஓர் அட்டை, பயிற்சி முடிந்த அன்று கொடுத்தது.
கடமை. விசுவாசம். நேர்மை. துணிவு.
பிளாஸ்டிக் உறை போட்டது, மழையில் நனையாது,
பூட்ஸ் சேறு சுரண்ட வசதி.
அன்று இரவுதான் படித்தேன்.
விசுவாசம் என்று இருக்கிறது,
யாருக்கு என்று இல்லை.

வியாழன் காலை பேனாவைத் திறந்தேன்.
மை வந்தது, கை வரவில்லை.
போடுவது கைதான்;
விழுவது எவளோ ஒருத்தியின் தலையில்.
மூடிவிட்டேன்.

வீரம் ஒன்றும் இல்லை அதில்.
வயிறு கலங்கி இரண்டுமுறை கழிவறைக்குப் போனேன்.
மிலென்கோவைச் சொல்லாமல் காரணம் எழுதப் பார்த்தேன்,
வாக்கியம் நிற்கவில்லை.
அவனே வந்து எழுதினான்,
சித்தப்பாவின் பெயரை முழுதாக,
அப்பா பெயரோடு, பிறந்த ஊரோடு.

அமைச்சர் வேறு ஊரில் ரிப்பன் வெட்டினார்.
யாகோதா வேலியருகே வந்து
என் காலடியில் துப்பினாள். துப்பட்டும்.
எட்டுப் பேருக்கு விடுப்பு ரத்து;
ஆல்டின் தன் தங்கை கல்யாணத்தைப்
போனில் பார்த்தான், வண்டிக்குப் பின்னால் நின்று.
என் நேர்மைக்கு அவன் கொடுத்த விலை.
அதற்கு அட்டையில் இடமில்லை.
கேப்டன் இப்போதும் வணக்கம் வைக்கிறார்,
கண்ணை மட்டும் கொண்டுவருவதில்லை.

ஏழு வாரம். மறுபடி ஒவ்வொரு சாணும்.
முழங்காலிட்டு, கம்பியைச் சாய்த்து நுழைத்து,
மண்ணிடம் கேட்டுக் கேட்டு.
ஒரு குதிரை லாடம். ஒரு கரண்டி.
பீர் பாட்டில் மூடிகள், நிறைய.
பத்தொன்பதாவது இல்லை.

குடிகாரர் தப்பாக எண்ணியிருக்கலாம்.
ஆறு எடுத்துப்போயிருக்கலாம்.
எங்கள் கம்பிக்கு ஒரு விரல் தள்ளி
எங்களைவிடப் பொறுமையாக இருக்கலாம்.

முதல் பனிக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டேன்.
போட்டுவிட்டு, கவசத்தைக் கழற்றி வேலியில் மாட்டி,
மூலைக்கு மூலை நடந்தேன்.
விதியில் இல்லாத நடை.
பாதி வழியில் பின்னால் சத்தம்.
மிலென்கோ.
என் தடத்தில் கால் வைக்காமல்,
ஒரு கஜம் தள்ளி,
தனக்கென்று புதுத் தடம் போட்டுக்கொண்டு.